துருப்பிடித்த இழைப்புளிக்கு எந்த மருந்து?

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். பலசரக்குக் கடையில் கிடைக்கும் எலுமிச்சை உப்புக்கு, அதாவது சிட்ரிக் ஆசிட் பொடிக்கு, ஐந்துக்கு நாலரை. இறக்குமதியாகி வரும் நடுநிலைத் துருநீக்கித் திரவத்துக்கு நாலு; குறைத்தது விலைக்காக மட்டும். சலவை சோடாவும் கரண்டும் வைத்துச் செய்யும் முறைக்கும் நாலு. வினிகருக்கு இரண்டரை. ஹார்டுவேர் கடை ரஸ்ட் கன்வெர்ட்டருக்கு, கைக்கருவி விஷயத்தில், ஒன்று. பாத்ரூம் ஆசிட்டுக்கு மதிப்பெண்ணே கிடையாது.

இந்த மதிப்பெண்கள் எல்லாம் ஒரே ஒரு கருவியை மனதில் வைத்துப் போட்டவை: தச்சர் மரம் இழைக்கும் இரும்பு இழைப்புளி, 4-ஆம் எண் அல்லது 5-ஆம் எண் அளவு. அமெரிக்காவின் ஸ்டான்லி கம்பெனி 1869-இல், இந்த இழைப்புளியை வடிவமைத்த பெய்லியின் தொழிலை வாங்கியதிலிருந்து இந்த வடிவம் பெரிதாக மாறவில்லை. இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் இருந்த ரெக்கார்ட் கம்பெனி 1931-இல் போட்டதும் இதே வடிவம்தான். பழைய இரும்புக்கடையில் எடைக்குக் கிடைக்கும் இழைப்புளி எந்த முத்திரையோடு இருந்தாலும் உள்ளே பாகங்கள் ஏறக்குறைய ஒன்றே. துரு மருந்தைச் சோதிக்க இதைவிடக் கறாரான கருவி கிடைக்காது. உடல் வார்ப்பிரும்பு, கத்தி பதம் வைத்த எஃகு, ஆழம் திருப்பும் நட்டு பித்தளை, கத்தியை அழுத்திப் பிடிக்கும் லீவர் கேப்பின் மேல் பல சமயம் நிக்கல் முலாம், கைப்பிடி ஈட்டி மரம், உடலின் உள்பக்கம் கறுப்புப் பூச்சு. ஒன்றுக்கு ஒத்துக்கொள்வது இன்னொன்றைக் கெடுக்கும். எனவே முழுசாகக் கழற்றாமல் எந்த மருந்திலும் போடக் கூடாது.

கழற்றுவதில்தான் பாதிப் பேர் கருவியை உடைக்கிறார்கள். கைப்பிடியைப் பிடித்திருக்கும் நீள போல்ட்டின் மரை 12-20 என்ற விசித்திரக் கணக்கு. தலை மழுங்கிப்போனால் உள்ளூர்க் கடையில் மாற்று கிடைக்காது, மெட்ரிக் திருகு எதுவும் சேராது. திருகின் காடிக்குள் இருக்கும் துருவை ஊசியால் சுரண்டி எடுத்துவிட்டு, காடியின் அகலத்துக்குச் சரியாகப் பொருந்தும் ஸ்க்ரூடிரைவரை மட்டும் பயன்படுத்துங்கள். இறுகிப்போயிருந்தால் டபிள்யூடி-40 அடித்துவிட்டு உடனே முறுக்குவது வழக்கம். அது ஊடுருவும் எண்ணெயாகச் சுமார்தான். அசிட்டோனும் கார் கியர்பாக்ஸுக்கு ஊற்றும் ஏடிஎஃப் எண்ணெயும் சரிபாதி கலந்து, திருகைச் சுற்றிச் சொட்டு விட்டு, ஒரு இரவு வைத்தால் பெரும்பாலும் வேலை முடியும். இரண்டும் தனித்தனியாகப் பிரியும் என்பதால் ஒவ்வொரு முறையும் குலுக்க வேண்டும். அசிட்டோன் குபீரென்று பற்றிக்கொள்ளும். பக்கத்தில் அடுப்போ பீடியோ வேண்டாம். இதுவும் பலிக்கவில்லையென்றால் ஸ்க்ரூடிரைவரைத் திருகில் வைத்து அதன் தலையில் சுத்தியலால் நான்கைந்து முறை லேசாகத் தட்டுங்கள். மரையில் ஒட்டிய துரு அந்த அதிர்ச்சியில்தான் விடும். வார்ப்பிரும்பு உடலில் மட்டும் தட்டாதீர்கள். கத்தி வெளியே நீளும் வாயருகே மெல்லிய இடம், விரிசல் விட்டால் ஒட்டவைப்பது பெரும்பாடு.

அடுத்து எண்ணெய்ப் பிசுக்கு. இதைத் தாண்டி நேரே ஊறவைத்தால் எந்த மருந்தும் திட்டுத் திட்டாகத்தான் பிடிக்கும். மண்ணெண்ணெய் தொட்ட பழந்துணியால் துடைத்து, பாத்திரம் விளக்கும் சோப்பு போட்டு நைலான் பிரஷால் தேய்த்துக் கழுவினால் போதும்.

இனி எலுமிச்சை உப்பு. லிட்டருக்கு 50 கிராம், அதாவது ஐந்து சதவீதம். அதற்கு மேல் போடுவதில் லாபம் இல்லை. 14 அங்குல 5-ஆம் எண் உடலை மூழ்கடிக்கப் பெரிய தொட்டி எதுவும் தேவையில்லை. நாலு அங்குல பிவிசி குழாயில் 45 சென்டிமீட்டர் வெட்டி, ஒரு முனையில் மூடி ஒட்டி நிறுத்தினால் மூன்றரை லிட்டருக்குள் முடிந்துவிடும். பொடி 175 கிராம். பாதி மட்டும் மூழ்கும்படி ஒருபோதும் போடாதீர்கள். நீர்மட்டம் நின்ற இடத்தில் இரும்பு அரித்து ஒரு கோடு விழும், அந்தக் கோடு உப்புத்தாளுக்கும் போகாது.

மேலோட்டத் துருவுக்கு இரண்டு மணி நேரம், பொருக்குத் தட்டியதற்கு நாலு முதல் ஆறு. நம் ஊர் வெயிலில் குளிர்நாட்டுக் கணக்கைவிடச் சீக்கிரமே ஆகும். போட்டுவிட்டு மறந்துவிட்டு மறுநாள் வந்து பார்ப்பதுதான் இதில் நடக்கும் பெரிய தப்பு. மணிக்கு ஒருமுறை வெளியே எடுத்து பிரஷால் தேயுங்கள். கருஞ்சேறு போல ஒன்று கழன்று வரும். கரைந்தும் கரையாமலும் நிற்கும் துரு அது. அதை எடுத்தால்தான் அமிலம் அடியில் உள்ள துருவைத் தொடும். துரு போய்ச் சாம்பல் நிறம் வெளுத்த இடத்திலிருந்தும் பொடிப்பொடியாகக் குமிழி வந்துகொண்டே இருந்தால், அமிலம் இரும்பைத் தின்ன ஆரம்பித்துவிட்டது என்று பொருள். குமிழியில் இருப்பது ஹைட்ரஜன். அப்போதே வெளியே எடுத்துவிட வேண்டும். வார்ப்பிரும்பில் இயல்பாகவே கிராஃபைட் உண்டு. சுற்றியிருக்கும் இரும்பு கரையக் கரைய அது மேலே நின்று கையில் மை போல ஒட்டும். பார்த்துப் பயப்பட வேண்டியதில்லை, சோப்பும் மெல்லிய ஸ்டீல் உல்லும் போட்டால் போய்விடும்.

கத்திக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் இந்தக் குளியல் வேண்டாம். பதம் வைத்த எஃகு அமிலத்தில் ஹைட்ரஜனை உறிஞ்சி நொறுங்கும் தன்மை பெறலாம். சுருள்வில் உள்ள கருவிகளில் இந்த ஆபத்து இன்னும் கூடுதல். மெல்லிய வில்லைப் போட்டுவிட்டு உடைந்ததே என்று வருந்திப் பயன் இல்லை. பித்தளை நட்டையும் உள்ளே விடாதீர்கள். துத்தநாகம் முதலில் கரைந்து மேற்பரப்பு செம்பு நிறத்துக்குத் திரும்பிவிடும். குத்துவிளக்குக்குப் போடும் அதே புளியைத் தேய்த்து ஐந்து நிமிடத்தில் கழுவினால் நட்டு பளபளக்கும். நிக்கல் முலாம் உரிய ஆரம்பித்த லீவர் கேப்பையும் தனியே வையுங்கள், அமிலம் முலாமுக்கு அடியில் புகுந்து இன்னும் உரிக்கும்.

எலுமிச்சை உப்புக்கு நாலரை கொடுத்ததன் உண்மையான காரணம் இனி வருவது. அமிலத்தின் கடியை ஆப்ப சோடாவால் குறைத்துவிட்டு, துருவைப் பிடித்திழுக்கும் குணத்தை மட்டும் வைத்துக்கொள்ளலாம். லிட்டர் தண்ணீரில் 100 கிராம் சிட்ரிக் ஆசிட் கரைத்து, அதில் 80 கிராம் ஆப்ப சோடாவைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்க்க வேண்டும். மொத்தமாகக் கொட்டினால் நுரை பொங்கித் தரையெல்லாம் வழியும். அளவைவிட மூன்று மடங்கு பெரிய வாளி எடுத்துக்கொள்ளுங்கள். நுரை அடங்கியதும் கிடைப்பது சோடியம் சிட்ரேட் கரைசல். வெறும் சிட்ரிக் கரைசலின் பிஹெச் இரண்டை ஒட்டி இருக்கும். இதுவோ ஐந்தைத் தாண்டி நிற்கும். இரும்பை ஏறக்குறைய விட்டுவிட்டு, துருவில் இருக்கும் இரும்பு அயனிகளை மட்டும் சிட்ரேட் கவ்விக் கரைசலுக்குள் இழுத்துக்கொள்ளும். வேகம் குறைவு, ஒரு இரவு, சில சமயம் ஒரு முழுநாள். ஆனால் மறந்துபோனாலும் கருவி பிழைக்கும். கத்தி, உளி, அரிவாள்மணை, மரம் அறுக்கும் வாளின் தகடு என்று பதம் வைத்த எதற்கும் இதுவே பாதுகாப்பான குளியல். சில சொட்டு பாத்திர சோப்பு சேர்த்தால் திரவம் இடுக்குகளுக்குள்ளும் பரவும்.

கடையில் வாங்கும்போது வெள்ளை மணலாக உதிர்ந்தபடி இருக்கும் பொடியாகப் பாருங்கள். மழைக்காலத்தில் கட்டி தட்டியிருக்கும். கட்டியானாலும் வேலை செய்யும், ஆனால் எடையில் ஈரத்துக்கும் காசு கொடுக்கிறீர்கள். சில்லறைப் பொட்டலத்தைவிட பேக்கரிப் பொருள் விற்கும் கடையில் கிலோவாக வாங்குவது மலிவு. ஒரு கிலோவில் 5-ஆம் எண் உடல் ஐந்தைத் தாராளமாக முடிக்கலாம்.

வினிகர் கடையில் நாலைந்து சதவீத அசிட்டிக் ஆசிட் மட்டுமே. ஒரு நாள் முழுக்க ஊற வேண்டும், வீடு முழுக்க நாறும், மூழ்கடிக்கும் அளவுக்கு பாட்டில்கள் வாங்கினால் எலுமிச்சை உப்பைவிட அதிகம் செலவாகும். வெளிநாட்டு வீடியோக்கள் இதையே காட்டுவதால் நம் ஊரிலும் பெயர் வந்துவிட்டது. கோலாவில் ஊறவைக்கும் கதையும் அப்படியே. பாஸ்பாரிக் ஆசிட் சொற்பம், சர்க்கரைப் பிசுக்கு ஏராளம்.

பாத்ரூம் ஆசிட் பற்றிக் கொஞ்சம் கோபத்தோடுதான் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் பழைய இரும்புக்கடைக்காரர்களே அதைப் பரிந்துரைக்கிறார்கள். உள்ளே இருப்பது ஹைட்ரோகுளோரிக் ஆசிட். பத்து நிமிடத்தில் துரு பறந்துவிடும், உண்மைதான். கூடவே குளோரைடு வார்ப்பிரும்பின் நுண்துளைகளில் தங்கி, கழுவிக் காயவைத்து எண்ணெய் போட்ட பிறகும் உள்ளிருந்து திரும்பத் திரும்பத் துருவைக் கிளப்பும். மூடி திறந்த பாட்டிலில் இருந்து வரும் ஆவி அதே அறையில் தொங்கும் நல்ல கருவிகளையும் பழுப்பாக்கும். அதை பிளீச்சோடு கலந்துவிட்டால் குளோரின் வாயு, உயிருக்கே ஆபத்து. கழிவறைக்கு வாங்கியது கழிவறையிலேயே இருக்கட்டும்.

ரஸ்ட் கன்வெர்ட்டர் டப்பாக்களைப் பற்றி ஒரு தவறான நம்பிக்கை பரவலாக இருக்கிறது. இவை துருவை நீக்குவதில்லை, வேறொன்றாக மாற்றுகின்றன. லேபிளில் பாஸ்பாரிக் ஆசிட் என்று இருந்தால் துரு சாம்பல்கறுப்பு இரும்புப் பாஸ்பேட்டாக மாறி அங்கேயே ஒட்டி நிற்கும். டானிக் ஆசிட் என்று இருந்தால் நீலக்கறுப்பு டானேட்டாக மாறும். கடுக்காய் வேகவைத்த தண்ணீரில் இரும்பாணி போட்டால் கறுப்பு மை கிடைக்கும் அதே வேதியியல். வீட்டு கேட், ஜன்னல் கிரில், தண்ணீர்த் தொட்டி ஸ்டாண்டுக்கு அருமையான பொருள். மேலே பெயின்ட் அடிக்கத் தோதான அடித்தளம். இழைப்புளியின் அடிப்பாகத்துக்கு ஆகாது. மரத்தின் மேல் ஓடும்போது அந்தப் படலம் உராய்ந்து சாம்பல் கீறலாகப் படியும், அடிப்பாகமும் வழவழப்பை இழக்கும். உடலின் உள்பக்கம் கறுப்புப் பூச்சு உரிந்த இடங்களில் மட்டும், திரும்பப் பெயின்ட் அடிக்கப் போகிறீர்கள் என்றால், பிரஷால் தொட்டு வைக்கலாம். மதிப்பெண் ஒன்று அதற்குத்தான்.

துரு தடித்துப் பொருக்காகி, பாகங்கள் ஒன்றோடு ஒன்று ஒட்டிப்போன நிலை என்றால் கரண்ட் முறைதான் சரி. பிளாஸ்டிக் தொட்டியில் லிட்டருக்கு ஒரு மேஜைக்கரண்டி சலவை சோடா. 12 வோல்ட் டிசி, இரண்டிலிருந்து ஐந்து ஆம்பியர். கருவியில் மைனஸ், ஒரு துண்டு கட்டடக் கம்பியில் பிளஸ். இரண்டும் ஒன்றையொன்று தொடக் கூடாது. மாற்றிக் கொடுத்துவிட்டால் கருவி கரையும், கம்பி பளபளப்பாகும். கொடுப்பதற்கு முன் இரண்டு தடவை பாருங்கள். புதுவகை பேட்டரி சார்ஜர்கள் எதிரே பேட்டரி இருப்பது தெரிந்தால்தான் கரண்ட் விடும், அதனால் வேலைக்கு ஆகாது. சிசிடிவி கேமராவுக்குப் போடும் 12 வோல்ட் 5 ஆம்பியர் எஸ்எம்பிஎஸ் பெட்டி மலிவு, இதற்குப் போதுமானது. கரண்ட் நேர்கோட்டில் எதிரே இருக்கும் பக்கத்தையே அதிகம் சுத்தம் செய்யும் என்பதால் கம்பியைக் கருவியின் இரண்டு பக்கமும் வையுங்கள், அல்லது நடுவில் கருவியைத் திருப்புங்கள். கம்பிக்குப் பதில் எவர்சில்வர் வேண்டவே வேண்டாம்: அதிலிருக்கும் குரோமியம் நச்சு வடிவில் தண்ணீரில் இறங்கும். சோடாவுக்குப் பதில் சமையல் உப்பும் கூடாது, குளோரின் வரும். வெளிவருவது ஹைட்ரஜன், எனவே மொட்டைமாடி அல்லது திறந்த தாழ்வாரம். கரண்டை நிறுத்திய பிறகே கம்பியைக் கழற்றுங்கள், பொறி பறக்கக் கூடாது. இரும்பைத் தின்னாது என்பது இதன் பெரிய பலம். கறுப்புப் பூச்சைக் கிளப்பிவிடும் என்பது பலவீனம். அசல் பூச்சு நல்ல நிலையில் இருந்தால் சிட்ரேட் குளியலே மேல்.

இறக்குமதித் திரவங்களில் ஈவாப்போ-ரஸ்ட் அதிகம் பேசப்படுவது. அமிலமும் இல்லை, காரமும் இல்லை, கையில் பட்டாலும் எரியாது, நாற்றமில்லை. துருவிலிருக்கும் இரும்பைக் கவ்வி எடுப்பதே அதன் வேலை. திரும்பத் திரும்பப் பயன்படுத்தலாம், கறுத்துச் சோர்ந்த பிறகு மாற்றினால் போதும். கார்பன் அதிகமுள்ள எஃகு இதில் கொஞ்சம் கறுத்து வரும், துடைத்தால் போகும். குறை சொல்ல ஒன்றுமில்லை, விலையைத் தவிர. எலுமிச்சை உப்பும் ஆப்ப சோடாவும் கலந்த குளியல் கிட்டத்தட்ட அதே வேலையைச் செய்யும்போது, ஒரு இழைப்புளிக்காக இறக்குமதித் திரவத்தைக் கேலன் கணக்கில் வாங்குவது வசதியை வாங்குவதுதான்.

எந்தக் குளியலாக இருந்தாலும் வெளியே எடுத்த அடுத்த பத்து நிமிடம்தான் வேலையைத் தீர்மானிக்கிறது. துரு நீங்கிய வெற்று இரும்பு காற்றில் பட்டதும் ஆரஞ்சு நிறத்தில் புதுத்துரு பூக்கும். கடலோர ஊர்களில் கண்ணெதிரே நடக்கும். வெறும் சிட்ரிக் குளியல் என்றால் முதலில் லிட்டருக்கு இரண்டு மேஜைக்கரண்டி ஆப்ப சோடா கலந்த தண்ணீரில் முக்கித் தேய்த்து அமிலத்தைக் கொல்ல வேண்டும். பிறகு நல்ல தண்ணீர். போர் தண்ணீர் உப்பாக இருக்கும் ஊரில் கடைசி அலசலுக்கு ஆர்ஓ தண்ணீரை எடுங்கள், அதில் ஒரு தேக்கரண்டி சலவை சோடா கலந்தால் புதுத்துரு தாமதமாகும். கொதிக்கும் தண்ணீராக ஊற்றினால் இரும்பே சூடாகித் தானாகக் காயும். உடனே டபிள்யூடி-40 அடிக்கலாம். இங்கேதான் அது தன் பெயருக்கு நியாயம் செய்கிறது. 1953-இல் தண்ணீரை விரட்டுவதற்காக நாற்பதாவது முயற்சியில் உருவான கலவை என்பதே அந்தப் பெயர். மரைகளுக்குள்ளும் கத்தியைத் தாங்கும் ஃப்ராக் என்ற சாய்வுத் துண்டு உட்காரும் தளத்திலும் ஒளிந்திருக்கும் ஈரத்தை வெளியே தள்ளும். ஆனால் அதன் படலம் மெல்லியது, சீக்கிரம் வற்றும். மறுநாளே துடைத்துவிட்டு தையல் மெஷின் எண்ணெய் தடவுங்கள். நல்லெண்ணெய் நாளடைவில் பிசினாக இறுகும், விளக்கெண்ணெய் தூசியை ஒட்டவைக்கும், தேங்காயெண்ணெய் எறும்பைக் கூட்டும். சிலிகான் ஸ்ப்ரே வேண்டவே வேண்டாம். அது பட்ட மரத்தில் பாலிஷ் பிடிக்காது.

கத்தியில் துரு போன பிறகு முதுகுப்பக்கத்தைச் சாய்த்து வெளிச்சத்தில் பாருங்கள். முனையை ஒட்டிக் கரும்புள்ளிகளாகக் குழிகள் தெரிந்தால் எவ்வளவு தீட்டினாலும் அந்த இடத்தில் முனை பல்லாகவே நிற்கும். குழியைத் தாண்டும்வரை முனையைத் தேய்த்துக் குறைப்பது ஒரு வழி. அரை மில்லிமீட்டர் எஃகு ஸ்கேலைக் கல்லின் ஓரத்தில் வைத்து, கத்தியின் மேல்பகுதியை அதன் மேல் கிடத்தி, முனையருகே ஒரு மெல்லிய பட்டையை மட்டும் தீட்டுவது இன்னொரு வழி. ஆழமில்லாத குழிக்கு இதுவே போதும். சாணைச் சக்கரத்தில் தேய்ப்பதானால் மூன்று நொடிக்கு ஒருமுறை தண்ணீரில் தோயுங்கள். முனை நீலம் பாரித்தால் பதம் போய்விட்டது, நீலமான பகுதி முழுவதையும் தேய்த்துத் தள்ள வேண்டும். சாய்வு 25 பாகை, முனையில் மட்டும் 30.

அடிப்பாகத்தைச் சமப்படுத்த பத்து மில்லிமீட்டர் கண்ணாடி அல்லது வளைவில்லாத கிரானைட் துண்டு. 80, 120, 220 என்று உப்புத்தாள் ஒட்டுங்கள். கத்தியும் லீவர் கேப்பும் பூட்டிய நிலையில், முனையை உள்ளே இழுத்துவிட்டுத் தேய்க்க வேண்டும். இறுக்கம் இல்லாமல் தேய்த்தால் பூட்டிய பிறகு உடல் வேறு விதமாக வளையும். மார்க்கரால் குறுக்குக் கோடுகள் போட்டுத் தேயுங்கள். மூக்கு, வாயின் முன்விளிம்பு, வால் ஆகிய மூன்று இடத்திலும் கோடு அழிந்தால் போதும், நடுவில் ஒரு துருக்குழி மிஞ்சியிருந்தாலும் இழைப்பு கெடாது. பளபளப்புக்காகக் கிரைண்டரில் கம்பி பிரஷ் மாட்டி உடலைத் தேய்ப்பவர்கள் வாயின் கூர்விளிம்பை மழுக்கிவிடுகிறார்கள், அதை மீட்க வழியில்லை. பழைய பெயின்டில் ஈயம் இருக்கலாம் என்பதால் உள்பக்கத்தை உலர்வாகத் தேய்க்காமல் ஈரமாகவே தேயுங்கள்.

கைப்பிடிக்கு ஆளிவிதை எண்ணெய் போட்டால், துடைத்த துணியைச் சுருட்டிக் குப்பையில் எறியாதீர்கள். தானே சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துக் காயவையுங்கள், அல்லது தண்ணீரில் நனைத்து எறியுங்கள். மிச்சமான சிட்ரிக் கரைசலில் நுரை நிற்கும்வரை ஆப்ப சோடா போட்டு, தண்ணீரை நிறைய விட்டுச் சாக்கடையில் ஊற்றலாம். சிமென்ட் தரையில் கொட்டினால் கறை நிற்கும்.